செருப்பை உதறின கால்

அசையாதே. யா அல்லா, இன்னிக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் அது அசையாம கிடக்கட்டும். ஊரே என் கால் அசையணும்னு துஆ கேட்டுக்கிட்டு இருக்கு, என் பொண்டாட்டி மைமூன் தர்காவுக்கு நெய்ச்சோறு நேந்திருக்கா, பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம் அவங்க கோயில் திருநீறை மடிச்சுக் கொண்டாந்து என் தலைமாட்டுல வச்சிட்டுப் போயிருக்கு, பாவம், பாய்னு கூடப் பாக்காம. நான் ஒருத்தன் மட்டும் மல்லாந்து படுத்துக்கிட்டு அசையாதே அசையாதேன்னு என் போர்வையைப் பாத்துக் கெஞ்சுறேன். வெளிய சொன்னா உதுமானுக்கு முதுகுல மட்டுமில்ல மண்டையிலயும் அடின்னு சொல்லிருவானுங்க. ஆனா நான் பாத்துட்டேனே. காலைல நர்சம்மா ஈரத்துணி வச்சு உடம்பைத் துடைச்சுவிட்டாங்க. நெஞ்சுல சில்லுன்னு இருந்துச்சு, வயித்துல சில்லுன்னு இருந்துச்சு, தொப்புள் வந்ததும் அந்தச் சில்லு அப்படியே நின்னுபோச்சு, பஸ்ஸு கடைசி ஸ்டாப்புல நின்ன மாதிரி. அதுக்குக் கீழ துணி போகுது, அவங்க கை போகுது, எனக்கு ஒரு சேதியும் வரல. தினமும் அப்படித்தான். தொப்புளுக்கு மேல நான், கீழ யாரோ வேத்தாளு. சரி, எப்படித்தான் துடைக்குறாங்கன்னு தலையைக் கொஞ்சம் தூக்கிப் பாத்தேன். பாதத்துல துணியைக் குதிகாலிலேர்ந்து மேல இழுத்தாங்க. இடது கால் பெருவிரல் மெதுவா மேல எந்திரிச்சுது. கூப்பிட்டதுக்குத் தலையைத் தூக்கிப் பாக்குற ஆடு மாதிரி எந்திரிச்சு, கொஞ்ச நேரம் நின்னு, திரும்பப் படுத்துக்குச்சு. நர்சம்மா பாக்கல, அவங்க அடுத்த கட்டில்காரர் இருமுறாரேன்னு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க. நான் பாத்தேன். நான் ஆட்டல. அதுதான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு.

ஏன் நடுங்கணும்? கால் அசைஞ்சா சந்தோஷம்தானே படணும்? அந்த டாக்டரம்மா சொல்லாம இருந்திருந்தா நானும் துள்ளிக் குதிச்சிருப்பேன், குதிக்க முடிஞ்சா. இளவேனில் டாக்டர்னு பேரு, சின்னப் பொண்ணு, ஆனா பேசுறது பெரிய மனுஷி மாதிரி நிதானம். ஆபரேஷன் பண்ணி எலும்புக்குக் கம்பி வச்ச பிறகு ஒரு நாள் கட்டில் ஓரத்துல உக்காந்து விளக்கிச் சொன்னாங்க. "பாய், மூளையிலேர்ந்து முதுகெலும்புக்குள்ள ஒரு தண்டு இறங்குது. சுண்டுவிரல் கனம்தான். அதுலேர்ந்து ஒவ்வொரு எலும்புக்கு இடையிலயும் வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு நரம்பு கிளம்பும். மொத்தம் முப்பத்தோரு ஜோடி." நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். எனக்கா தெரியாது? விவரம் தெரிஞ்ச நாளிலேர்ந்து கறிக்கடைல நிக்கிறேன். முதுகெலும்பை நடுவுல பிளந்தா வெள்ளை வெளேர்னு வழவழன்னு ஓடுமே, விரல்ல சுத்தி இழுத்தா இடியாப்பம் மாதிரி நீளமா வருமே, ஒவ்வொரு கணுவுலயும் ரெண்டு பக்கமும் மெல்லிசா நூல் பிரியுமே, அதுதானே? சாப்ஸ் போடும்போது அந்தக் கணுவைப் பாத்துத்தானே கத்தியை இறக்குறேன். ஆனா அது என்ன வேலை பாக்குதுன்னு நான் யோசிச்சதே இல்ல. நாய்க்குத் தூக்கிப் போட்டுருவேன். நாய் ஆசையா தின்னும். டாக்டரம்மா சொன்னாங்க, நரம்பு ஒண்ணுதான், ஆனா தண்டுகிட்ட வந்ததும் ரெண்டு வேரா பிரியும், உடம்பிலேர்ந்து வர்ற சேதியெல்லாம் பின்வேர் வழியா உள்ள போகும், அங்கிருந்து வர்ற உத்தரவெல்லாம் முன்வேர் வழியா வெளிய வரும். வரவுக்கு ஒரு கதவு, போறதுக்கு ஒரு கதவு. என்ன ஏற்பாடு பாரு. இவ்வளவு ஏற்பாடும் எனக்குள்ளயும் இருந்திருக்கு, நான் பாட்டுக்கு வெத்தலையைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

அன்னிக்கு அவங்க சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாம பண்ணுது. "இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாது பாய். அடிபட்ட அதிர்ச்சியில அடிக்குக் கீழ இருக்குற தண்டு மயங்கிக் கிடக்கு. அதான் கால் தொளதொளன்னு கிடக்கு. அந்த மயக்கம் ஒரு நாள் தெளியும். தெளிஞ்சா முதல்ல திரும்புறது அனிச்சைச் செயல். தட்டினா உதறும், கீறினா இழுத்துக்கும்." நான் கேட்டேன், "அப்ப நடந்துருவேன்னுதானே அர்த்தம்?" அவங்க பேனாவை மூடித் திறந்து மூடினாங்க. "இல்ல பாய். சூடு பட்டா கையை வெடுக்குன்னு எடுக்குறீங்கல்ல, மூளைக்குச் சேதி போய் அது யோசிச்சுச் சொல்றதுக்குள்ள தண்டே முடிவு பண்ணி எடுத்துரும். அதுக்கு மூளை வேண்டாம். அதனால அனிச்சை திரும்புறது பெருசில்ல. அது திரும்பின பிறகும் நீங்க நினைச்சு விரலை அசைக்க முடியலை, தொட்டா தெரியலைன்னா…" அப்படியே நிறுத்திட்டு, "அப்பப் பேசுவோம்"னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து எனக்குக் கணக்கு மாறிப்போச்சு. கால் செத்த மாதிரி கிடக்குற வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருக்கு. மயங்கித்தானே கிடக்கு, தூங்குது, தூங்கட்டும். அது முழிச்சு என்னைக் கேக்காம தானா ஆடுச்சுன்னா என் கதை முடிஞ்சுது. இன்னிக்கு அது முழிச்சிருச்சு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும் தெரியாது.

வயித்துல புளியைக் கரைக்குதும்பாங்க, எனக்கு அதுகூட மேல்வயித்துலதான் கரையுது. பயமா இருக்கு. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. கிடா முட்ட வந்தா கொம்பைப் பிடிச்சு மடக்குறவன், கறிக்கடை உதுமான், பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்றது? மத்தவனா இருந்தா இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டான். வாத்தியாரா இருந்திருந்தா, பேங்குல வேலை பாத்திருந்தா, டாக்டர் சொன்னதை ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டு கால் ஆடினதும் அல்ஹம்துலில்லான்னு அழுதிருப்பான். நான் பாத்திருக்கேனே. பிஸ்மி சொல்லி அறுத்ததும் ஆடு கிடந்து உதைக்கும். கண்ணு கண்ணாடி மாதிரி ஆயிரும், மூச்சு போயிரும், ஆனா பின்னங்கால் ஓடும். படுத்த இடத்துலயே ஓடும், காட்டுல மேயப் போற மாதிரி ஓடும். எங்கள்ல ஒரு முறை இருக்கு, அந்தத் துடிப்பு முழுசா அடங்கி உடம்பு ஓயுற வரைக்கும் தோல்ல கத்தியை வைக்கக் கூடாது. அவசரக்காரன் வைப்பான், நான் வச்சதில்ல. குந்தி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அது ஓடுறதை. உயிர் போன பிறகு யாரு ஓடுறாங்கிறதை. அப்ப அதைப் பத்தி நினைக்கல, எந்த வீட்டுக்கு எத்தனை கிலோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உரிச்சுக் கொக்கில தொங்கவிட்ட பிறகும் தொடைக்கறி அங்கங்க படபடன்னு துள்ளும். ஒரு டீச்சரம்மா கறி வாங்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல பையோட திரும்பி ஓடி வந்துச்சு, முகமெல்லாம் வேர்த்து. "பாய், உப்புப் போட்டதும் கறி துடிக்குது பாய், உசிரு இருக்கு பாய்." கடையே சிரிச்சுது. "புதுக்கறிம்மா, துள்ளுற கறி, உதுமான் கடைலதான் இப்படிக் கிடைக்கும்"னு சொல்லி இன்னும் ரெண்டு துண்டு ஈரல் போட்டுக் குடுத்து அனுப்பினேன். அன்னிலேர்ந்து அதையே கூவி விக்க ஆரம்பிச்சேன். துள்ளுற கறி வாங்க, துள்ளுற கறி வாங்க. என் வாயில மண்ணைப் போட.

"மச்சான், டீ." ஜபரு வந்துட்டான். மைமூனோட தம்பி, ஜபருல்லா, எனக்கு மச்சினன், கடையில வலது கை. நல்ல உடம்புக்காரன், ரெண்டு கிடாவை ரெண்டு தோள்ல போட்டுக்கிட்டு நடப்பான். இப்ப முகம் வத்திக் கிடக்கு. சாப்பிடுறதில்ல. மைமூன் திட்டித் திட்டி ஊட்டாத குறைதான். ராவும் பகலும் இந்தக் கட்டிலுக்குக் கீழயே பாயைப் போட்டுக் கிடக்கான், மூத்திரப் பையைக் கூட நர்சம்மாவை விடாம இவனே பாத்துக் கொட்டுறான். டீயைப் பக்கத்துல வச்சிட்டுப் போர்வையோட கால்மாட்டை விலக்கப் போறான், கையில எண்ணெய்ச் சீசா. "ஏய், வேண்டாம்டா." "ஏன் மச்சான், தினமும் தேய்க்குறதுதானே, நரம்பு சூடாகும்." அவன் கை பாதத்துல பட்டுச்சுன்னா விரல் எந்திரிக்கும். அவன் பாத்துருவான். "வேண்டாம்டா, கூசுது"ன்னு சொல்லிட்டேன். யா ரப்பே, வாய் தவறி வந்துருச்சு. எத்தனை வருஷப் பழக்கம், யாராச்சும் காலைத் தொட்டா கூசுதுன்னு சொல்றது. ஜபரு அப்படியே உறைஞ்சு நின்னான். கண்ணு ரெண்டும் விரிஞ்சுபோச்சு. "கூசுதா? மச்சான், கூசுதா? தெரியுதா?" "இல்லடா, சும்மா சொன்னேன். பழக்க தோஷம்." அந்த முகம் விழுந்த விழுகையை நான் என்னன்னு சொல்றது. போர்வையை இழுத்து மூடிட்டு, சீசா மூடியைத் திருகித் திருகி மூடினான். மூடின பிறகும் திருகிக்கிட்டே இருந்தான். நான் டீயைக் குடிச்சேன். சர்க்கரை தூக்கலா இருந்துச்சு, திட்டணும்னு தோணல.

அவன் எதை நினைச்சுத் திருகுறான்னு எனக்குத் தெரியும். அந்தச் சந்தையைத்தான். எனக்கும் கண்ணை மூடினா அங்கதான் போகுது. பக்ரீத் நெருங்குதுன்னு ஆட்டுச் சந்தையில நல்ல கூட்டம், புழுக்கை வாசமும் தூசியுமா. வாங்கின கிடாக்களைக் குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தோம். நான் வண்டி மேல, ஜபரு கீழ நின்னு தூக்கிக் குடுக்குறான். ஒரு கருங்கிடா, கொழுத்த கழுதை, கயித்தைச் சுண்டி இழுத்துச்சு. நான் விடலை. விட்டிருக்கணும். விட்டா ஓடியிருக்கும், பிடிச்சிருக்கலாம், ஒரு கிடாதானே. பிடிவாதம். பின்னால சாஞ்சு, அப்படியே மல்லாக்க, ஆடு தண்ணி குடிக்கிற சிமெண்டுத் தொட்டியோட விளிம்புல முதுகு போய் இறங்குச்சு. மூச்சு நின்னு திரும்ப வந்துச்சு. வலின்னா அப்படி ஒரு வலி. ஆனா அதைவிட வெக்கம். சுத்தி நின்னவன்லாம் "பாய் விழுந்துட்டாரு, பாய் விழுந்துட்டாரு"ங்கிறான், ஒருத்தன் சிரிக்கிறான், நானும் சிரிச்சேன், கிடாவைத் திட்டினேன். வேட்டி விலகிக் கிடக்கு. இடது கால் செருப்பு வார் அறுந்து பெருவிரல்ல மாட்டித் தொங்குது. அசிங்கமா இருந்துச்சு, பெரிய மனுஷன் இப்படி அறுந்த செருப்போட கிடக்குறதா. காலை ஒரு உதறு உதறினேன். செருப்பு பறந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. உதறினேன். நான்தான் உதறினேன். உதறணும்னு நினைச்சேன், கால் உதறுச்சு. அந்த ஒண்ணுதான். அதுக்கப்புறம் என் கால் நான் சொன்னதைக் கேக்கல.

அதுக்கப்புறம்னா எதுக்கப்புறம்? இங்கதான் புத்தி முள்ளுல துணி மாட்டின மாதிரி மாட்டிக்குது, இழுத்தாலும் வர மாட்டேங்குது. ஜபரு ஓடி வந்தான். "மச்சான், எந்திரி மச்சான், எந்திரி." எந்திரிக்க முடியலடான்னேன், முதுகு பிச்சுக்கிட்டுப் போகுதுடா. அவ்வளவுதான், அவன் பதறிப்போயிட்டான். குனிஞ்சான், என் இடுப்புக்குக் கீழ கையைக் குடுத்தான், ஒரே தூக்கு. உரிச்ச கிடாவை வண்டியிலேர்ந்து கடைக்குள்ள தூக்கிட்டுப் போவோமே, வயிறு தோள்ல மடங்க, தலை முதுகுப் பக்கம் தொங்க, கால் நெஞ்சுப் பக்கம் தொங்க, அப்படி. எங்களுக்கு வேற எப்படித் தூக்கத் தெரியும்? நானா இருந்தாலும் அவனை அப்படித்தான் தூக்கியிருப்பேன். பாரம்னா தோளுன்னு கைக்குப் பழகிப்போச்சு, அதுக்கும் மூளை வேண்டாம். தூக்கிக்கிட்டு ஆட்டோவைப் பாத்து ஓடினான். ஓட ஓட அவன் தோள் என் வயித்துல குத்துது, முதுகு மடங்குது, நான் "மெல்லடா, மெல்லடா"ங்கிறேன், அவன் காதுல விழல, "ஒண்ணுமில்ல மச்சான் ஒண்ணுமில்ல மச்சான்"னு அழுதுக்கிட்டே ஓடுறான். சுளீர்னு ஒரு மின்னல் இடுப்பு வழியா கால் நுனி வரைக்கும் இறங்குச்சு. அப்புறம் வலியே இல்ல. ஆகா, வலி நின்னுருச்சேன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். ஆட்டோவுல உக்கார வச்சான், நான் குனிஞ்சு பாத்தேன், ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல, ரெண்டும் யாரோட காலோ மாதிரி கோணிக்கிட்டுக் கிடந்துச்சு.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டாரு, எப்படித் தூக்கிட்டு வந்தீங்கன்னு. ஜபரு மார்தட்டாத குறையா சொன்னான், "தோள்ல போட்டு ஒரே ஓட்டம் சார், ஒரு நிமிஷம் தாமதிக்கல." அந்த மனுஷன் உச்சுக் கொட்டினாரு. "முதுகு அடிபட்ட ஆளை அப்படித் தூக்கலாமாப்பா? ஒரு பலகையில அசையாம படுக்கவச்சுல்ல கொண்டு வரணும்." குத்தம் சொல்லணும்னு சொல்லல, விவரம் சொன்னாரு. ஆனா ஜபரு கை ரெண்டும் அந்த இடத்துலயே தொங்கிப்போச்சு. அன்னிலேர்ந்து ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு என்னைச் சுத்துறான். "மச்சான், விழுந்தப்பவே கால் போயிருச்சா?" நான் யாருக்குடா ஞாபகம், விட்டுத் தொலைடான்னு சொல்லிக்கிட்டே வர்றேன். பொய் சொல்லியிருக்கலாம், விழுந்தப்பவே போச்சுடான்னு ஒரு வார்த்தை. வாய் வரல. ஏன் வரல? உள்ளுக்குள்ள எனக்கு அவன் மேல கோவம் இருக்கா? இருக்கு. படுபாவிப் பயலே, ஒரு நிமிஷம் தாமதிச்சிருக்கக் கூடாதான்னு இருக்கு. டாக்டரம்மா சொல்றாங்க, எலும்பு எப்ப உள்ள குத்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு. விழுந்தப்பவே பாதி நசுங்கி, வீங்கி வீங்கி அப்புறமா போயிருக்கலாமாம். இருக்கலாம். ஆனா அந்தச் செருப்பு? போன வாரம் சந்தைக்கு அவனே போய்த் தேடி எடுத்துட்டு வந்தான். "தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு மச்சான். அவ்வளவு தூரம் எப்படிப் போச்சு?"ன்னு கேட்டான். கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்தான். நான் தூக்கம் வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

விரலே, ஆடு. இதோ, டாக்டரம்மா வர்றதுக்குள்ள ஒரு தடவை நான் சொல்லி நீ ஆடிரு. என்னைக் கேக்காம ஆடின இல்ல, இப்பக் கேட்டு ஆடு. எப்படித்தான் ஆட்டுறது? விரலை ஆட்டுறதுக்கு மனுஷன் உள்ளுக்குள்ள என்ன பண்ணுவான், எதைப் பிடிச்சு இழுப்பான்? கையை ஆட்டிப் பாத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், கை ஆடுது, ஆனா நான் என்ன செஞ்சு அது ஆடுச்சுன்னு பிடிபடல. கீழ சொல்லிப் பாக்குறேன். கெஞ்சிப் பாக்குறேன். கெட்ட வார்த்தையில திட்டிப் பாக்குறேன். உத்தரவு தொப்புள் வரைக்கும் போகுது, அங்க பாலம் உடைஞ்சு கிடக்கு, இந்தக் கரையில நின்னு நான் கத்துறேன், அந்தக் கரையில அது பாட்டுக்குத் தூங்கி எந்திரிச்சு சோம்பல் முறிக்குது. நாளைக்கு என்னை வண்டியில உக்காரவச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. புளியங்கட்டை, நான் நின்னு வெட்டின கட்டை, உக்காந்தா அது என் கழுத்துக்கு வரும். கத்தியை ஓங்க முடியாது. மேல கொக்கில தொங்குற கறிக்கு அண்ணாந்து பாக்கணும். வர்றவன்லாம் குனிஞ்சு, எப்படி இருக்கீங்க பாய்னு கேப்பான், சின்னப்பிள்ளைகிட்டக் கேக்குற மாதிரி. மைமூன் என்னைத் தூக்கணும், கழுவணும். அவ இடுப்புவலிக்காரி. வேண்டாம், வேண்டாம், இதெல்லாம் நினைக்காத. வராந்தாவுல செருப்புச் சத்தம். அவங்கதான்.

"எப்படி இருக்கீங்க பாய்?" இளவேனில் டாக்டர் போர்வையை விலக்கினாங்க. ஜபரு கால்மாட்டுல போய் நின்னுக்கிட்டான், கையைக் கட்டிக்கிட்டு, தொழுகையில நிக்கிற மாதிரி. "விரலை ஆட்டுங்க." ஆட்டினேன், அதாவது ஆட்டணும்னு பல்லைக் கடிச்சேன். ஒண்ணுமில்ல. "கண்ணை மூடிக்குங்க, குத்துனா சொல்லுங்க." மூடினேன். நெஞ்சுல குத்துச்சு, சொன்னேன். வயித்துல குத்துச்சு, சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் அமைதி. அந்த அமைதியில அவங்க என் தொடையில, முழங்கால்ல, பாதத்துல குத்திக்கிட்டே போறாங்கன்னு எனக்குத் தெரியுது, ஊசியால இல்ல, ஜபரு மூச்சு விடுற சத்தத்தால தெரியுது. கண்ணைத் திறந்தேன். அவங்க சட்டைப் பையிலேர்ந்து ரப்பர் சுத்தியலை எடுத்து, என் முழங்காலுக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முட்டிச் சிப்பிக்குக் கீழ ஒரு தட்டுத் தட்டினாங்க. கால் உதறுச்சு. நல்லா, பலமா, அறுந்த செருப்பு மாட்டியிருந்தா பறந்து போயிருக்கும், அப்படி. "அல்லாஹு அக்பர்!" ஜபரு போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பாத்துச்சு. அவங்க சுத்தியல் காம்பால பாதத்துல கீறினாங்க, பெருவிரல் எந்திரிச்சு நின்னுச்சு, முழங்கால் தானா மடங்கி உள்ள இழுத்துக்குச்சு. "அசைஞ்சிருச்சு! மச்சான், கால் அசைஞ்சிருச்சு!" பக்கத்துக் கட்டில் சம்சாரம் கையெடுத்துக் கும்பிடுது. டாக்டரம்மா சிரிக்கல. நான் அவங்க முகத்தை மட்டும்தான் பாத்தேன். சிரிக்கவே இல்ல.

ஜபரு என் தலைமாட்டுக்கு ஓடி வந்து என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். உள்ளங்கையெல்லாம் எண்ணெய். "மச்சான், நீதானே ஆட்டின? நீதானே?" கேக்கும்போதே அழுதுட்டான். இவ்வளவு நாள் அழாம வச்சிருந்ததெல்லாம் சேத்து வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுறான். அவன் தலைக்கு மேல டாக்டரம்மா என்னைப் பாக்குறாங்க. ஓடுற ஆட்டைக் குந்தி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேனே, அதுதான் நினைப்பு வந்துச்சு. "நான்தான்டா"ன்னேன். "நான்தான்டா ஆட்டினேன். நீ எதுக்கு இப்படிக் கத்துற, ஆஸ்பத்திரிடா இது." "அக்காட்டச் சொல்லிட்டு வர்றேன் மச்சான்"னு போனை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்கு ஓடினான், கதவுல தோளை இடிச்சுக்கிட்டு.

டாக்டரம்மா கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. "நீங்க ஆட்டல, இல்லையா?" "இல்ல டாக்டர்." "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." "கறிக்கடைக்காரன் டாக்டர் நான்." கொஞ்ச நேரம் என் முழங்கால் மேல கையை வச்சுக்கிட்டு இருந்தாங்க, எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும். நடப்பேனான்னு கேட்டேன். என் குரல் எனக்கே கேக்கல, திரும்பக் கேட்டேன். "உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் பாய். மயக்கம் தெளிஞ்சிருச்சு. கீழ தண்டு அதுபாட்டுக்கு வேலை செய்யுது, மேலேர்ந்து எதுவும் அதுக்குப் போய்ச் சேரல. இன்னும் சில டெஸ்ட் பாக்கிறேன், பயிற்சி இருக்கு, கையால செய்யுறது நிறைய இருக்கு. ஆனா நடக்குறதை எதிர்பார்க்காதீங்க." சொல்லிட்டாங்க. இவ்வளவு நாள் இதுக்குத்தானே பயந்தேன், சொல்லிட்டாங்க, பயம் போகல, பெருசாத்தான் ஆச்சு, கட்டிலைவிடப் பெருசா, இந்த வார்டைவிடப் பெருசா. மைமூன், மைமூன்னு உள்ள யாரோ கூப்பிடுறது கேக்குது. டாக்டரம்மா கேட்டாங்க, "முதல் நாளே கேட்டேன், ஞாபகமில்லன்னீங்க. விழுந்த உடனே கால் அசைஞ்சுதா? தூக்கின பிறகுதான் போச்சா?" வராந்தாவுல ஜபரு போன்ல கத்துறான், அக்கா மச்சான் ஆட்டிருச்சுக்கா, நான் பாத்தேன்கா, என் கண்ணால பாத்தேன்கா. "விழுந்ததுமே போயிருச்சு டாக்டர்"ன்னேன். "நிச்சயமா?" "நிச்சயமா. என் மச்சினன் என்னிக்காச்சும் வந்து உங்ககிட்டக் கேப்பான். அவன்கிட்டயும் இதையே சொல்லுங்க." அவங்க சரின்னு தலையை அசைச்சாங்க.

ஜபரு மூஞ்சியைத் தோள்துண்டால துடைச்சுக்கிட்டே வந்தான். சிரிப்பு அடங்கல. கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு ஒரு மஞ்சப்பையை இழுத்தான். உள்ள பேப்பர்ல சுத்தி என் செருப்பு. அறுந்த வாரைத் தச்சு வாங்கியிருக்கான், எப்பத் தச்சான்னு தெரியல, கறுப்பு வார்ல வெள்ளை நூல் பளிச்சுன்னு தெரியுது. "இனி இது பையில எதுக்கு மச்சான், இங்கயே கிடக்கட்டும். இறங்குனா கால்ல தட்டுப்படணும்ல." கட்டிலுக்குப் பக்கத்துல தரையில ஜோடியா வச்சான். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குத் திரும்பிக்கிட்டாங்க. நான் தலையைச் சாச்சு எட்டிப் பாத்தேன். "மாத்தி வச்சிருக்கடா, வலதும் இடதும்." "அட, ஆமா"ன்னு அவன் முட்டி போட்டு உக்காந்து, ரெண்டையும் கையில எடுத்துத் தூசியை ஊதி, வலதை வலதுலயும் இடதை இடதுலயும் வச்சான். "இப்பச் சரியா இருக்கா மச்சான்?" சரியா இருக்குடான்னேன்.